கொண்டை ராணி

மகமை மண்டபத்துக் கண்காட்சி முடிந்த மறுநாள் காலையில், அச்சகத்து அரிராமர் தன் இரும்பு பீரோவைத் திறந்து, தரத்துக்கு எழுபதில் அறுபத்தாறு எண் வாங்கிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் முத்திரை வைத்து மூடப்பட்ட தன் வெள்ளி ரூபாயை வழக்கம்போல எடுத்துப் பார்த்தபோது, அதிலிருந்த ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் வரை மூக்கும் முகவாயுமாக இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவள், இப்போது கிரீடத்தின் பின்பக்கத்தையும் அதற்குக் கீழே முடிந்த கொண்டையையும் மட்டும் காட்டிக்கொண்டு, பேச விருப்பமில்லாதவளாக அந்தப் பக்கம் பார்த்திருந்தாள். வேறு யாராக இருந்தாலும் முதலில் 'ஐயோ' என்றிருப்பார்கள். அரிராமர் முதலில் லென்ஸை எடுத்தார். கீறல் இல்லை, தேய்மானம் இல்லை, கொண்டையின் மயிர்கள் பிரி பிரியாகத் தெளிவாக விழுந்திருந்தன. பிடரியில் மட்டும் ஒரு பிரி கொண்டையில் சேராமல் தனியே தொங்கியது, அதை அச்சுப் பிசிறு என்று முடிவு கட்டினார். "மத்தபடி குறையில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பீரோவைப் பூட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். அப்படிப்பட்ட மனிதர் அவர்.

தீத்தாங்கல் பட்டாசு ஊர். ஊரைச் சுற்றி வெடி ஆலைகள், ஊருக்குள் அவற்றுக்கு லேபிள் அடிக்கும் அச்சகங்கள், அச்சகங்களுக்கு எதிரே கந்தகமும் வெடியுப்பும் விற்கும் கடைகள் என்று பிழைக்கிற ஊர். மழை பெய்தால்கூட மண்வாசனைக்கு முன்னால் மருந்து வாசனைதான் மூக்கில் ஏறும். அந்தக் காற்று வெள்ளியைச் சும்மா விடாது. பெண்களின் கொலுசு, குழந்தைகளின் அரைஞாண், சாமி முன்னால் இருக்கும் விளக்கு, எல்லாவற்றிலும் முதலில் மஞ்சள் ஏறும், பிறகு சிவக்கும், பிறகு ஊதாவும் நீலமுமாகி, கவனிக்காமல் விட்டால் கறுத்துப்போகும். வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் திருநீற்றைப் போட்டுத் தேய்த்து அந்த நிறத்தை விரட்டுவார்கள். ஆனால் பழைய வெள்ளி நாணயம் சேர்க்கிறவன் வீட்டில் மட்டும் நாணயத்தின்மேல் திருநீற்று விரல் பட்டால் வெட்டுக்குத்து வரும், ஏனென்றால் ஒருமுறை தேய்த்துவிட்டால் பிறகு அதை நாணயச் சங்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

சங்கம் என்று சொல்வது மரியாதைக்காகத்தான், உண்மையில் அது இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி, நாணயத்தைக் கை நீட்டிய தூரத்தில் வைத்துப் பார்க்கும். அந்த நீலமும் ரோஜாவும் பொன்னும் மனசைப் பிடித்து இழுத்தால் அது நல்ல நாணயம், இழுக்காவிட்டால் எத்தனை சுத்தமாக இருந்தாலும் வெறும் தகடு. இன்னொரு கோஷ்டி, லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு குறைகளைத் தேடும். இங்கே ஒரு உராய்வு, அங்கே ஒரு நசுங்கல் என்று கழித்துக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சுவதை எண்ணாகச் சொல்லும். முதல் கோஷ்டிக்குத் தலைவர் வளையல் கடை வெள்ளைச்சாமி. அவித்த முட்டையோடு டப்பாவில் அடைத்து வைத்து நிறம் ஏற்றிய கள்ள ரூபாயை, வானவில்லே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று மயங்கி வாங்கி ஏமாந்தவர். அதைச் சொல்லிச் சொல்லியே அரிராமரின் எண் கோஷ்டி அவரை மூலையில் உட்கார வைத்திருந்தது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அரிராமருக்கும் அவருடைய அக்கா ஜெயக்கொடிக்கும் அப்பா விட்டுப்போன சொத்தில், கிடைப்பதற்கு அரிதான ஒரே ஆண்டைச் சேர்ந்த இரண்டு ராணி ரூபாய்கள் இருந்தன. ஆளுக்கு ஒன்று. அரிராமர் தன்னுடையதைக் காற்றுப் படாமல், கை படாமல், வீட்டு ஆட்களின் பார்வையே படாமல் பூட்டி வைத்தார். அது அச்சடித்த அன்றைய வெண்மையோடு இருந்தது. ஜெயக்கொடி, புருஷன் இறந்தபிறகு தானே நடத்திவந்த கந்தகக் கடையில், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில், தன்னுடையதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினாள். கடையில் மூச்சு விடுகிற காற்றெல்லாம் கந்தகம். வருஷத்துக்கு வருஷம் அந்த ரூபாய் விளிம்பில் ஊதாவாகி, உள்ளே பொன்னாகி, ராணியின் கன்னத்தில் மட்டும் ரோஜாவாகி, கந்தகம் வாங்க வந்தவர்கள் வாங்க வந்ததை மறந்து நிற்கிற அளவுக்கு அழகானது. அந்தக் கன்னத்தில் ஒரு கீறல் உண்டு. சட்டத்தில் மாட்டுவதற்கு முன்னால், ஜெயக்கொடியின் மகள் மாரீஸ்வரி தவழ்கிற வயதில் அதை ஆட்டுக்கல்லில் போட்டு இழுத்த கீறல்.

மாரீஸ்வரியின் கன்னத்திலும் ஒரு தழும்பு இருந்தது. ஒரு தீபாவளியன்று சங்குசக்கரம் சீறி அடித்ததில் கன்ன எலும்பிலிருந்து தாடை வரை தோல் சுருங்கிப்போயிருந்தது. அரிராமரின் மகன் தனுஷ்கோடிக்கு அவள் முறைப்பெண். இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டுப் பேசாத வாய் ஊரில் இல்லை, அரிராமரின் வாயைத் தவிர.

ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு முந்தின நாள் நடந்தது இதுதான். வியாபாரிகள் தங்கள் வரும்படியில் ஒரு பங்கு போட்டுக் கட்டிய மகமை மண்டபத்தில் வருஷா வருஷம் சங்கம் கண்காட்சி வைக்கும், மண்டபத்து நடுவில் ஒற்றை விளக்குக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும், அதற்கு நடுப்பெட்டி என்று பெயர். அந்த வருஷத்துச் சிறந்த நாணயம் அதில் உட்காரும். அன்றைக்கு வந்த கூட்டமெல்லாம் ஜெயக்கொடியின் ரூபாயைச் சுற்றியே மொய்த்தது. "இதத் தூக்கி நடுவுல வைங்கப்பா" என்று யாரோ சொல்ல, வெள்ளைச்சாமி சந்தோஷமாகத் தூக்கி வைத்தார். அரிராமர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு லென்ஸோடு வந்தார். குனிந்தார், பார்த்தார், நிமிர்ந்தார்.

"கன்னத்துல கீறல் இருக்கு. கீறல் விழுந்தது நடுவுல உக்காரக் கூடாது."

பெட்டிக்கு அந்தப் பக்கம் மாரீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். ஜெயக்கொடி முன்னால் வந்தாள்.

"ஏலே அரிராமா, நீ ரூபாயச் சொல்றியா, எம்மவளச் சொல்றியா?"

'ரூபாயைத்தான்க்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாரும் மூச்சு விட்டிருப்பார்கள். அரிராமர் வேட்டி நுனியால் லென்ஸைத் துடைத்தார். துடைத்து முடிக்கிற வரைக்கும் நேரம் எடுத்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் ஒரே லென்ஸுதான்" என்றார்.

ஜெயக்கொடி பெட்டியைத் திறந்து தன் ரூபாயை எடுத்து முந்தானையில் முடிந்தாள். "நான் செத்தா எம்மூஞ்சியப் பாக்க நீ வராத. நீ செத்தா உம்மூஞ்சியப் பாக்க நான் வரமாட்டேன். இனி உனக்கும் எனக்கும் முதுகுதான்" என்று சொல்லி, மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அவள் படியிறங்கிய சூட்டோடு அரிராமர் சங்கத்தைக் கூட்டி, இனிமேல் எண் அதிகம் உள்ள நாணயமே நடுப்பெட்டியில் உட்காரும், வேறு பேச்சே கிடையாது என்று தீர்மானம் போட வைத்து, தன் அறுபத்தாறைக் கொண்டுவந்து விளக்குக்குக் கீழே வைத்தார். வெட்கம் என்பது அவருக்கு ஒரு துளியும் இல்லை. மறுநாளிலிருந்து ஜெயக்கொடி, அச்சகத்துக்கு நேர் எதிரே இருந்த தன் கடையில், நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வியாபாரம் பார்த்தாள். வாங்க வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு உள்ளே போய் நின்றார்கள்.

ரூபாயில் ராணி திரும்பிய சேதியை அரிராமரின் சம்சாரம் ராமலட்சுமிதான் எட்டிப் பார்த்துவிட்டுக் குழாயடியில் சொன்னாள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் தெருப் பெண்கள் வரிசையாக வந்து பீரோவைத் திறக்க வைத்துவிட்டார்கள். முதலில் பார்த்தவள் வாயைப் பிளந்தாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்தவளைப் பார்த்தாள், அடுத்தவள் எட்டிப் பார்த்துவிட்டு அவளும் பொத்திக்கொண்டாள்.

"என்ன சிரிப்பு?" என்றார் அரிராமர்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கொண்டை நல்லா முடிஞ்சிருக்கு."

ஊர் பெரிதாக ஒன்றும் அதிர்ந்துவிடவில்லை. ரோஷமுள்ள பொம்பளை திரும்பிக்கொண்டாள், இதில் என்ன இருக்கிறது என்றுதான் பேச்சு. ஆனாலும் வீட்டில் பழைய நாணயம் வைத்திருந்தவர்களெல்லாம் காலையில் எழுந்ததும் தங்கள் ராஜாக்கள் திரும்பிவிட்டார்களா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள். ராஜாக்கள் யாரும் திரும்பவில்லை, அவர்களுக்கு அவ்வளவு சூடு சொரணை ஏது என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். கொண்டை என்று ஒன்று இருந்தால் பூ வைக்காமல் எப்படி விடுவது என்று ஒருத்தி ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளிக்கொண்டு வந்து பிளாஸ்டிக் பெட்டியின் மேல் வைத்தாள்; அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அரிராமர் வீட்டு வாசலில் பூவோடு பெண்கள் நிற்பது வழக்கமாகிப்போனது. பூவின் ஈரம் பெட்டிக்குள் போய்விடும் என்று அவர் குதித்தார். குதித்தவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

அவருக்கு முதலில் பெட்டியின் முத்திரை மேல் சந்தேகம் வந்தது, பிறகு பிளாஸ்டிக்கின் மேல், கடைசியில் அக்காவின் மேல். "கந்தகக் கடைக்காரி செய்வினை வச்சுட்டா" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது ஜெயக்கொடியின் காதுக்குப் போனபோது அவள், "செய்வினை வைக்கணும்னா அவன் நாக்குல வச்சிருப்பேன்" என்று திரும்பாமலேயே சொல்லிவிட்டு எடைக்கல்லைத் தராசில் போட்டாளாம். பிறகு அவர் ரூபாயை, எண் கொடுக்கிற வடக்கத்தி நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பினார். அவர்கள் தொலைபேசியில் எந்த ஆச்சரியமும் காட்டாமல், இந்தப் பக்கத்தில் உராய்வு இன்னும் குறைவு, ஒரு எண் கூட்டியிருக்கிறோம் என்றார்கள். ரூபாய் அறுபத்தேழாகத் திரும்பி வந்தது. அரிராமர் கடைவீதி முழுக்க லட்டு கொடுத்தார். முகம் போனதற்கு ஒருத்தன் லட்டு கொடுக்கிறான் என்று ஊர் தின்றுகொண்டே சிரித்தது.

அதற்குள் ஒரு வெடி ஆலைக்காரர் 'கொண்டை ராணி' என்று புதிதாக ஒரு சரவெடி போட்டார். லேபிளில் திரும்பிய தலையும் கிரீடமும் கொண்டையும், சுற்றிலும் தீப்பொறி. அதை அச்சடிக்கிற வேலை, வேறு எங்கே போகும், அரிராமரின் அச்சகத்துக்கே வந்தது. வேண்டாம் என்று சொன்னால் அந்த ஆலையின் மற்ற லேபிள்களும் போய்விடும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். தனுஷ்கோடி மை கலந்து, ஓரத்தில் ஊதாவும் உள்ளே பொன்னுமாக ஏற்றி, அத்தையின் ரூபாயில் இருக்கிற நிறங்களை அப்படியே கொண்டுவந்துவிட்டான். அப்பன் அது தெரிந்தும் அடுத்த தாளை மிஷினில் ஏற்றினார். அந்தச் சரவெடி கட்டுக்கட்டாகப் போனது. போகப் போக, தீத்தாங்கலில் யாராவது யாரோடாவது பேச்சை முறித்துக்கொண்டால், வாயால் திட்டாமல் ஒரு கொண்டை ராணிப் பெட்டியை எதிராளி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவது பழக்கமாகிவிட்டது. மாமியார் வாசலில் மருமகள் வைத்தாள், பங்காளி வாசலில் பங்காளி வைத்தான். காலையில் கதவைத் திறந்து அந்தப் பெட்டியைப் பார்த்தவர்கள், சரி, இனி பேச்சு இல்லை என்று எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு தீபாவளிக்கு வெடித்தார்கள்.

அடுத்த கண்காட்சி வந்தது. தீர்மானப்படி அறுபத்தேழு நடுப்பெட்டியில் உட்கார்ந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு சேகரிப்பாளர் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்க, முகம் எங்க?" என்றார்.

"முகத்துக்குத் தனியா எண் கிடையாது" என்றார் அரிராமர். "குறை இருக்கான்னு பாருங்க. இருந்தா சொல்லுங்க."

"குறை ஒண்ணும் இல்லதான்" என்று அந்த மனிதர் ஒப்புக்கொண்டார். "பாக்கத்தான் ஒண்ணுமில்ல."

பிறகு வெள்ளைச்சாமி அவர் காதில் ஏதோ சொல்ல, அந்த மனிதர் வெளியேறினார். அவர் பின்னால் இன்னும் சிலர். மத்தியானத்துக்கு மேல் மண்டபத்தில் அரிராமரும் விளக்கும் அறுபத்தேழும்தான். கூட்டம் முழுக்க எதிர்த் தெருவில், கந்தகக் கடைக்குள் சுற்றிக்கொண்டு போய், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய கீறல் விழுந்த ரூபாயின் முன்னால் வாய் மூடாமல் நின்றது. அந்தக் கூட்டத்தில் தனுஷ்கோடியும் இருந்தான். சாயங்காலம் அவன் திரும்பி வந்து அப்பனுக்கு முன்னால் நின்றான்.

"தை மாசம் மாரீஸ்வரியக் கட்டிக்கப் போறேன்ப்பா. அத்தை நாள் குறிச்சுட்டாங்க."

"அவ கன்னத்த..."

"நான் யார் கன்னத்தையும் எண்ணல."

"நான் வரமாட்டேன்."

"உங்கள யாரும் கூப்பிடல" என்றான் தனுஷ்கோடி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "தாய்மாமன் இடத்துல வெள்ளைச்சாமி அண்ணாச்சி நிக்கிறாராம்."

அரிராமருக்கு அதுதான் பொறுக்கவில்லை. மகன் போவதுகூடப் பிறகு. கூடப் பிறந்தவளின் மகள் கழுத்தில் தாலி ஏறும்போது, சீர்த்தட்டோடு நிற்க வேண்டிய இடத்தில், முட்டையில் ஏமாந்த வளையல்காரன் நிற்பதா? ஒரே கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அப்பன், பெண்ணுக்கு மாமன் என்று இரண்டு நாற்காலி உள்ள மனிதன், இரண்டிலும் உட்கார முடியாமல் வீட்டில் கிடப்பதா? அன்றிலிருந்து அவர் அச்சக மேசையில் ரூபாயை வைத்துக்கொண்டு லென்ஸும் கையுமாகக் கிடந்தார். அந்தக் கொண்டையில் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாருக்கும் பதில் சொல்லிவிடலாம் என்பது போல, பிரி பிரியாகப் பார்த்தார். கொண்டை ஊசி இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அந்தப் பிசிறு அதே இடத்தில் தொங்கியது.

ஒரு நாள் கண் எரிந்து, லென்ஸை எடுத்துவிட்டுத் தலையைத் தூக்கி, இளைப்பாறத் தெருவைப் பார்த்தார். எதிரே கந்தகக் கடையில் அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கொண்டை. இடப்பக்கம் சாய்ந்த ஊசி. பிடரியில் கொண்டைக்குள் அடங்காமல் தனியே தொங்கிய ஒரு பிரி, சின்ன வயதில் சடை பின்னும்போது அம்மா எத்தனை தரம் எண்ணெய் தடவிச் சேர்த்தாலும் சேராமல் விழும் அதே பிரி. அவர் ரூபாயைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். திரும்ப ரூபாயைப் பார்த்தார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டோடு வந்த ராமலட்சுமி அவர் முகத்தைப் பார்த்ததும் தூக்குச்சட்டியை மேசையில் வைத்தாள்.

"இப்பத்தான் தெரியுதா?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. பாத்தவுடனே. ஊருக்கே தெரியும்."

"ஏண்டி சொல்லல?"

"நீங்கதான் பாத்துக்கிட்டே இருந்தீங்களே" என்றாள் ராமலட்சுமி. "அவ்வளவு நெருக்கத்துல."

அவமானம் அவருக்குக் காது வரை ஏறியது. ஊர் முழுக்க, பூ வைத்த ஒவ்வொருத்தியும், லட்டு தின்ற ஒவ்வொருத்தனும், ஒரு வார்த்தை சொல்லாமல் அவரை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அந்த ஆத்திரத்திலேயே உளியையும் சுத்தியலையும் எடுத்து, பிளாஸ்டிக் பெட்டியின் விளிம்பில் வைத்து ஒரே போடாகப் போட்டார். எண் கோஷ்டியில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. முத்திரை உடைந்தால் எண் போயிற்று, பிறகு அது வெறும் ரூபாய். அறுபத்தேழு என்று எழுதிய சின்னச் சீட்டு காற்றில் மிதந்து மிஷினுக்கு அடியில் போய் மை பட்டுக் கிடந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ராணியைப் பார்த்தார். இத்தனை பெரிய தியாகத்துக்குத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தார். ராணி அசையவில்லை. தியாகத்துக்கு உடனே கூலி கேட்கிற புத்தி அவரை விட்டுப் போகவில்லையே.

கல்யாணம் வரை ரூபாய் மேசையில் வெறுமனே கிடந்தது. தீத்தாங்கல் காற்று தன் வேலையைச் செய்தது. கொண்டையின் மேல் முதலில் மஞ்சள் படிந்தது, பிறகு கிரீடம் சிவந்தது, பிறகு விளிம்பில் ஊதா ஒரு நூலாக ஓடியது. அவர் அதைத் துடைக்கவில்லை. லென்ஸையும் ஒருநாளும் கையில் எடுக்கவில்லை, அது அவருக்குச் சோறு இல்லாமல் இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தை பிறந்து கல்யாண நாள் வந்ததும், கூப்பிடாத கல்யாணத்துக்கு, பட்டுச்சேலையும் தேங்காயும் மஞ்சளும் அடுக்கிய தட்டில் வெற்றிலை மேல் அந்த ரூபாயை வைத்து, தானே தூக்கிக்கொண்டு மகமை மண்டபத்துப் படியேறினார். நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்தினார். மேடையில் நின்ற ஜெயக்கொடி தம்பியைப் பார்த்தாள், பார்த்த அதே நொடியில் திரும்பிக்கொண்டாள். கூட்டம் அந்தக் கொண்டையையும் தட்டிலிருந்த கொண்டையையும் மாறி மாறிப் பார்த்தது. வெள்ளைச்சாமி மட்டும், "வாங்க அண்ணாச்சி, இது உங்க இடம்" என்று சொல்லி நகர்ந்து நின்றார். மூலையில் உட்கார வைக்கப்பட்ட மனிதருக்கு அந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வந்தது என்று அரிராமருக்குப் புரியவில்லை, எரிச்சலாகக்கூட இருந்தது.

மணையில் தனுஷ்கோடிக்குப் பக்கத்தில் மாரீஸ்வரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அரிராமர் தட்டை நீட்டினார்.

"மாரீஸ்வரி. மாமா அன்னைக்கு அளந்தது தப்பும்மா."

அவள் நிமிர்ந்தாள். "அளந்தது தப்பில்ல மாமா. அளக்க வந்ததுதான் தப்பு."

அவள் நிமிர்ந்ததும் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்க்கத்தான் வந்திருந்தார், அந்த முகத்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் கண், இத்தனை வருஷம் பழக்கிய கண், நேராகக் கன்ன எலும்புக்குப் போய், அங்கிருந்து தழும்பின் ஓரமாகவே இறங்கித் தாடை வரை வந்து, அதற்குப் பிறகுதான் அவள் கண்களுக்கு ஏறியது. இமைப்பொழுதுதான். வேறு யாரும் கவனிக்கவில்லை. மாரீஸ்வரி கவனித்தாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறவர்களின் கண் முதலில் எங்கே போகிறது என்பதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த மண்டபத்தில் யாரும் இல்லை.

அவள் வெற்றிலை மேலிருந்த ரூபாயைச் சந்தனம் பட்ட விரலால் எடுத்துப் பார்த்தாள். கண்கள் விரிந்தன.

"அம்மா, இங்க பாரேன்! திரும்பிட்டா!"

தனுஷ்கோடி பார்த்தான், வெள்ளைச்சாமி பார்த்தார், ராமலட்சுமி பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரூபாய் கைக்குக் கை மாறி, மஞ்சள் விரலும் எண்ணெய் விரலும் பட்டு, மேடையிலிருந்து இறங்கி மண்டபம் முழுக்கச் சுற்றியது. எத்தனை அழகு, அந்த மூக்கைப் பார், அந்த நெற்றியில் நிறம் ஏறியிருப்பதைப் பார் என்று எல்லாரும் ஒரே குரலாகச் சொல்ல, பெண்கள் குலவையிட்டார்கள். ஜெயக்கொடியும் தம்பிக்கு முதுகைக் காட்டியபடியே கையைப் பின்னால் நீட்டி வாங்கிப் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடைசியாக ரூபாய் அரிராமரின் உள்ளங்கைக்கு வந்தது. அவர் குனிந்து பார்த்தார். கிரீடத்தின் பின்பக்கம், கொண்டை, சாய்ந்த ஊசி, தனியே தொங்கிய பிரி. அவருக்கு மட்டும் அவள் திரும்பவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரின் சந்தோஷ முகத்தையும் பார்த்து அவரும் தலையை ஆட்டி வைத்தார்.

இப்போது அந்த ரூபாய் மகமை மண்டபத்து நடுப்பெட்டியில், எண் எதுவும் இல்லாமல், கல்யாண வீட்டு விரல் ரேகைகளோடு நிரந்தரமாக இருக்கிறது. பழைய தீர்மானத்தை யாரோ எடுத்துவிட்டார்கள், எடுத்ததை யாரும் அறிவிக்கவும் இல்லை. ஜெயக்கொடி பேரனைக் கொஞ்சுகிறாள், மருமகனோடு சிரிக்கிறாள், ராமலட்சுமியோடு மணிக்கணக்கில் பேசுகிறாள். நாற்காலியை மட்டும் திருப்பிப் போடவில்லை. அரிராமர் அச்சகத்தை மகனிடம் விட்டுவிட்டு நடுப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறார். "கோவமா இருக்காளா? வாய் எப்பிடி இருக்கு? நெத்தி?" ஒருத்தர் சிரிக்கிறாள் என்கிறார், ஒருத்தர் ஏதோ யோசனையில் இருக்கிறாள் என்கிறார், ஒரு சின்னப் பெண் அவள் தன்னைப் பார்த்து மூக்கைச் சுளித்ததாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்கிறார்.

ஆனால் வந்தவர் குனிந்து பார்க்கும் அந்த முதல் நொடியில், கோபமும் வாயும் நெற்றியும் கேட்பதற்கு முன்னால், 'கன்னத்துல கீறல் ஏதும் இருக்கா?' என்ற கேள்விதான் அவர் நாக்கு நுனிக்கு வந்து நிற்கிறது. அதை விழுங்கிவிட்டுத்தான் மற்றதைக் கேட்கிறார். அந்தக் கேள்வி வராத நாளில் அவருக்கும் அவள் திரும்புவாள் என்று ஊர் சொல்கிறது. இன்றைக்கும் வந்தது.